சர்ச்சுக்கு ஒரு வளைவு முன்னால்

சர்ச்சு வேன் ஓட்டுவது என்பது, எழும்ப விருப்பமில்லாதவர்களை எழுப்பி, போக விருப்பமில்லாத இடத்துக்கு, நேரம் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்க்கிற தொழில். யாரையாவது கூட்டிக்கொண்டு போக வாசலில் வண்டியை நிறுத்தி, 'இதோ வந்துட்டேன்' என்ற குரலை நம்பிக் காத்திருந்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால், நீங்களும் என் கட்சி. உட்காருங்கள்.

நான் ஜெனி. பதினேழு வயசில், ஐந்தாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டேன். வீடு கேமரன் மலையில், ரிங்லெட் என்கிற சின்ன ஊருக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில். பழைய டிரைவர் ஈப்போவுக்குப் பிழைக்கப் போனதும், லைசென்ஸ் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்கிற ஒரே ஆள் நான்தான் என்று கமிட்டி கண்டுபிடித்தது. ஆவியானவர் உன்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்று சபைச் செயலாளர் ஞானமுத்து அங்கிள் சொன்னார். வேறு ஆள் கிடைக்கவில்லை என்பதை இவ்வளவு அழகாக வேறு யாராலும் சொல்ல முடியாது.

மூன்று ஹார்ன்

ஞானமுத்து அங்கிள் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். விடிகாலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுகிற பெரட்டில் பாதி ஆயுளைக் கழித்தவர். வேலை அவரை விட்டுவிட்டது, அந்தக் குரல் விடவில்லை. வேன் சாவியைக் கையில் கொடுக்கும்போதே சட்டத்தையும் சேர்த்துக் கொடுத்தார்: ஒவ்வொரு லயத்துக்கும், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசைக்கும், மூன்று ஹார்ன், அதற்கு மேல் காத்திருக்கக் கூடாது, வராதவர்கள் ஆண்டவருக்குப் பதில் சொல்லட்டும்.

முதல் ஞாயிறு. பனி இன்னும் விலகவில்லை. மேல் லயத்தில் மூன்று ஹார்ன் அடித்தேன். ஒரு கதவும் திறக்கவில்லை. சட்டத்தை மீறி நாலாவதும் அடித்தேன். கடைசி வீட்டிலிருந்து போர்வையைச் சுற்றிக்கொண்டு ஒரு நேப்பாளத்து அண்ணன் வந்தார். தோட்டத்தில் மெஷின் வைத்துக் கொழுந்து வெட்டுகிறவர். எங்களோடு பழகிப் பழகித் தமிழும் கொஞ்சம் வரும். வேனைச் சுற்றிப் பார்த்தார், சிலுவைப் படத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து ரொம்பப் பரிதாபமாகச் சொன்னார்:

"தங்கச்சி, தமிழ் ஆளு எல்லாம் கீழ டவுனுக்குப் போயாச்சு. இங்க தூங்குறது நாங்க மட்டும்தான்லா."

அம்மாவின் வளைவு

என் வேனில் தவறாமல் ஏறுகிற ஆள் என் அம்மா ரோஸ்லின். சர்ச்சுக்குப் போகாமல் தவறாமல் இறங்கிவிடுகிறவரும் அவர்தான். சர்ச்சுக்கு ஒரு வளைவு முன்னால் ரோட்டோரத்தில் ஸ்ட்ராபெர்ரி கடை ஒன்று இருக்கிறது. அம்மாவுக்கு அங்கே வேலை.

முன்பெல்லாம் ஞாயிறு என்றால் கடைக்காரரிடம் லீவு சொல்லிவிடுவார். சர்ச்சில் பாட்டை எடுத்துக் கொடுக்கிறதே அம்மாதான். போன வருஷம் என் அக்கா ஷீபா, திரிங்காப்பில் பூத்தோட்டம் வைத்திருக்கிற கண்ணன் மாமாவைக் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். கல்யாணம் முருகன் கோயிலில். தாலித் தட்டு சுற்றி வந்தபோது எல்லாரையும் போல அம்மாவும் தொட்டு ஆசீர்வாதம் பண்ணினார். சம்பந்தியம்மா குங்குமம் வைக்க வந்தார், அம்மா நெற்றியைக் காட்டினார். அவ்வளவுதான் குற்றம். போட்டோ சபை வாட்சப் குரூப்புக்கு எப்படியோ வந்து சேர்ந்தது. கமிட்டி அம்மாவின் நெற்றியைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தது. அடுத்த ஞாயிறே ஞானமுத்து அங்கிள் சபை முன்னால் எழுந்து அறிவித்தார்: ரோஸ்லினுக்குத் திருவிருந்து நிறுத்தம். முன்னால் வந்து நின்று மன்னிப்புக் கேட்கிறவரைக்கும் அப்பமும் கிடையாது, ரசமும் கிடையாது.

அம்மா அன்றைக்கு எழுந்து வெளியே நடந்தவர்தான். ஒரு சாரி சொல்லிவிட்டுப் போனால் என்ன, பாட்டாவது பாடலாமே என்று ஒருநாள் வளைவில் பிரேக் போட்டுக்கொண்டே கேட்டேன். வேன் கதவை இழுத்துத் திறந்தபடி அம்மா சொன்னார்:

"மக கல்யாணத்துக்குப் போகாம இருந்திருந்தா மன்னிப்பு கேக்கணும். போனதுக்கு எதுக்குடி?"

வெள்ளைச் சேலையும் பசார் பையும்

ரிங்லெட்டில் ஏறுகிற ஆரோக்கியம் ஆண்டியைப் பார்த்து நான் முதலில் ஏமாந்துபோனேன். வெள்ளைச் சேலை, கையில் வேதாகமப் பை, ஏறியதும் கண்ணை மூடி ஜெபம். ஆகா, ஒரு ஆளாவது தேறும் என்று நினைத்தேன். டவுன் மார்க்கெட் வந்ததும் ஆண்டி கண்ணைத் திறந்தார், வேதாகமப் பைக்குள்ளிருந்து பசார் பையை உருவினார், "இங்கயே நிறுத்தும்மா" என்றார். மீன் கடைக்குப் போய்விட்டு, ஆராதனை முடிந்து வேன் திரும்பும் நேரத்துக்குச் சரியாக அதே இடத்தில் நிற்பார். மீனோடு. நாலு ஞாயிறு பார்த்துவிட்டு, ஆண்டி, இது நல்லாவா இருக்கு என்று கேட்டேன். கோபமே படவில்லை.

"வேன் ஆண்டவர் வீட்டுக்குப் போகுது, மார்க்கெட் வழியாத்தானே போகுது? நான் பாதி வழி வந்தாச்சுலா."

கிறிஸ்டி அண்ணனின் கிழமை

லெம்பா பெர்த்தாமில் கிறிஸ்டி அண்ணன் வீட்டு வாசலில் ஹார்ன் அடித்தால் அவர் முட்டைக்கோசுக் கூடைகளுக்கு நடுவிலிருந்து கையை மட்டும் தூக்குவார். திங்கட்கிழமைச் சந்தைக்குப் போகிற காய்கறி ஞாயிற்றுக்கிழமைதான் லோரி ஏறும். அவர் மனைவிக்கு ரோட்டோரத்தில் சோளம் விற்கிற கடை. கோலாலம்பூர்க் கார்கள், எங்கள் பேச்சில் காடிகள், எல்லாம் மலையேறி வந்து ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்பது சனி ஞாயிறுதான். கேமரன் மலையில் மற்றவர்களுக்கு ஓய்வு நாள் என்றால் எங்களுக்கு முதுகு ஒடிகிற நாள். ஆறு நாள் உழைத்து ஏழாம் நாள் ஓய்ந்திருக்கச் சொன்னவருக்கு இந்த மலையைப் பற்றி யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

"அங்கிள்கிட்ட சொல்லு ஜெனி, ஆராதனைய செவ்வாக்கிழமை சாயங்காலம் வைக்கச் சொல்லு. மலையே காலியா கிடக்கும். நான் குடும்பத்தோட வர்றேன்" என்றார் கிறிஸ்டி அண்ணன். எனக்கு நியாயமாகப்பட்டது. அப்படியே கொண்டுபோய் ஞானமுத்து அங்கிளிடம் சொன்னேன். சட்டைக் காலரைச் சரி பண்ணிக்கொண்டு, பெரட்டுக் குரலில் சொன்னார்:

"ஆண்டவர் உயிர்த்தது ஞாயித்துக்கிழமை. செவ்வாக்கிழமை இல்ல."

முதல் பெஞ்சு

எங்கள் சர்ச்சில் எந்தப் பெஞ்சிலும் பெயர் எழுதவில்லை. ஆனாலும் எல்லாருக்கும் தெரியும். முதல் பெஞ்சு கிராணிமார் குடும்பத்துக்கு. அதற்கடுத்தது லோரி டிரைவர், பேக்டரி ஆட்கள். கொழுந்து எடுத்தவர்களும் மருந்து அடித்தவர்களும் கடைசியில். இந்த ஒழுங்கை யாரும் போடவில்லை, யாரும் எடுக்கவும் இல்லை.

கடைசிப் பெஞ்சுக்கு மேலே கூரை ஒழுகும். சாலமோன் மாமா தோட்டத்தில் மருந்து அடித்துத் தோள்பட்டை போனவர். ஒரு மழை நாளில் சொட்டச் சொட்ட நனைந்துவிட்டு, காலியாகக் கிடந்த முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். சர்ச்சே காலிதான் அன்றைக்கு. ஞானமுத்து அங்கிள் குடும்பம் லேட்டாக வந்தது. அங்கிள் நேராக முதல் பெஞ்சுக்கு நடந்தார். பக்கத்தில் வந்து நின்றார். நின்றுகொண்டே இருந்தார். மாமா எழுந்துவிட்டார். அதற்குப் பிறகு என் ஹார்னுக்கு அவர் வீட்டு நாய் மட்டும்தான் பதில் சொல்கிறது. ஒருநாள் கிட்டத்தில் போய்க் கேட்டதற்கு மாமா சொன்னது:

"ஆபீஸ்லதான் கிராணியப் பாத்தா எழும்புனேன். சர்ச்சுலயும் எழும்பணும்னா, நான் வீட்டுலயே உக்காந்துக்கிறேன்."

பெனிட்டாவும் புகையும்

என் வயசுக்காரிகள் கதை வேறு. என் கூட்டாளி பெனிட்டா வேனில் ஏறி, டவுனில் கடைவீட்டு மாடியில் நடக்கிற புதுச் சபைக்குப் போய்விடுவாள். அங்கே டிரம்ஸ் உண்டு, கலர் லைட் உண்டு, பாட்டு உச்சத்துக்குப் போகும்போது மேடையிலிருந்து புகை வரும். முடிந்ததும் காப்பி. வாசலில் எல்லாரும் கட்டிப்பிடிப்பார்களாம். எனக்கே ஆசை வந்தது, உண்மையைச் சொன்னால்.

மூன்றே மாசம். ஒரு ஞாயிறு, ஹார்ன் அடித்தும் வெளியே வரவில்லை. போய்ப் பார்த்தால் படுக்கையில் கிடந்து போன் நோண்டிக்கொண்டிருக்கிறாள். புதுச் சபை என்னாச்சு என்றேன். போனிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

"நம்ம சர்ச்சுல எல்லாருக்கும் என் கதை தெரியும், ஒருத்தரும் எப்படி இருக்கேன்னு கேக்க மாட்டாங்க. அங்க எல்லாரும் கேக்குறாங்க, ஒருத்தருக்கும் என் பேரு தெரியல. நான் தூங்குறேன், நீ போ."

சாயங்காலத்துத் தக்காளி விலை

அம்மா எழுந்து வெளியே நடந்ததிலிருந்து எங்கள் சர்ச்சுப் பாட்டைக் கேட்டிருக்கிறீர்களா? கேட்காமல் இருந்தது உங்கள் புண்ணியம். ஒரு ஞாயிறு ஞானமுத்து அங்கிளே பாட்டை எடுத்தார். எடுத்த சுருதியில் அவருக்கே எட்டவில்லை. முதல் சரணத்தில் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கடைசிச் சரணத்தைப் பாஸ்டர் தனியாக, கண்ணீர் வருகிற மாதிரி பாடி முடித்தார். பக்தியில் வந்த கண்ணீர் இல்லை. அவர் ஞாயிறு தோறும் மலையடிவாரத்துத் தாப்பாவிலிருந்து அத்தனை வளைவும் ஏறி வருகிறவர். அன்றைக்கு அறிவிப்பில் விஷயத்தைப் போட்டு உடைத்தார்: இப்படியே போனால் கிறிஸ்மஸுக்குப் பிறகு மேலே ஆராதனை கிடையாது, கீழே இருக்கிற சபையோடு சேர்த்துவிடுவார்கள், வேனும் கீழே போய்விடும். அதாவது என் வேலையும்.

அதற்குப் பிறகு ஞானமுத்து அங்கிள் தன் காடியை வீட்டில் விட்டுவிட்டு என் வேனில் முன் சீட்டில் ஏறத் தொடங்கினார். பின் சீட்டில் அம்மா. வியாபாரம் ஆரம்பமானது. முதல் வாரம்: "முன்னால வர வேணாம் ரோஸ்லின், உன் எடத்துலயே நின்னு சொல்லு." அம்மா ஜன்னலைப் பார்த்தார். அடுத்த வாரம்: "நிக்கவும் வேணாம், உக்காந்துகிட்டே சொல்லு." அம்மா கைப்பையில் சில்லறையைத் தேடினார். அதற்கடுத்த வாரம்: "வாய் திறக்க வேணாம்மா. பாஸ்டர் பொதுவா பாவமன்னிப்பு ஜெபம் பண்ணுவாரே, அப்ப தலைய மட்டும் குனி, நாங்க புரிஞ்சுக்குறோம்." சாயங்காலத்துத் தக்காளிகூட இவ்வளவு வேகமாக விலை இறங்காது. கடைசியில், "ஒண்ணும் வேணாம், சும்மா வந்து பாட்டை எடுத்துக் கொடு" என்று அவர் கையை விரித்தபோது, வளைவும் வந்துவிட்டது. அம்மா இறங்கினார். முன் ஜன்னல் பக்கம் வந்து நின்றார்.

"அங்கிள், சபை முன்னால என்னைய நிறுத்துனீங்க. அதே சபை முன்னால நீங்க எழும்பி எங்கிட்ட மன்னிப்பு கேளுங்க. நான் வர்றேன்."

யார் முன்னால்

அங்கிள் மன்னிப்புக் கேட்க மாட்டார் என்று நான் பந்தயம் கட்டியிருப்பேன். இரண்டு வாரம் வேனில் ஏறவில்லை. மூன்றாவது வாரம் ஏறினார். "உங்கம்மாவ இன்னைக்கு மேல வரச் சொல்லு" என்றார், ரோட்டைப் பார்த்துக்கொண்டே. அம்மா கடையில் ஒரு மணி நேரம் பெர்மிஷன் வாங்கிக்கொண்டு வந்தார். அறிவிப்பு நேரத்தில் அங்கிள் எழுந்தார். பல் பிடுங்கப் போகிறவர் முகம். "ரோஸ்லின் விசயத்துல கமிட்டி கொஞ்சம் அவசரப்பட்டுருச்சு, அதுக்கு வருத்தம்" என்று, லோரி ஓவர்டேக் பண்ணுகிற வேகத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அம்மா மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். அங்கிளின் மனைவி. அங்கிளின் மருமகன். காது கேட்காத ஒரு தாத்தா. நான். டாய்லெட் எங்கே என்று கேட்டு உள்ளே வந்து, வெளியே போக வெட்கப்பட்டு உட்கார்ந்துவிட்ட இரண்டு டூரிஸ்ட். அம்மா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"நான் கேட்டது சபை முன்னால அங்கிள். இது உங்க வீட்டு ஆளுங்க முன்னால. சபைய கூட்டுங்க, நான் வர்றேன்."

வாசல் வாசலாக

ஆக, கதை எங்கே வந்து நின்றது பாருங்கள். மன்னிப்புக் கேட்பதற்கு சபை வேண்டும். சபை வேண்டுமென்றால் ஆட்கள் வேண்டும். ஒரு சாயங்காலம் அங்கிள் வேனில் ஏறி, "எல்லா வீட்டுக்கும் போலாம். ஹார்ன் அடிக்காத, நான் எறங்கிப் போறேன்" என்றார். நான் எஞ்சினை அணைத்துவிட்டு ஒட்டுக் கேட்டேன். இதைக்கூடச் செய்யாவிட்டால் டிரைவர் வேலைக்கு என்ன அர்த்தம்?

பெர்த்தாமில் கிறிஸ்டி அண்ணன் கூடையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "எந்தக் கிழமைன்னு சொல்லுங்க அங்கிள், அப்புறம் பேசலாம்" என்றார். பெனிட்டா கதவைப் பாதி திறந்து, "என் பேரு என்ன, சொல்லுங்க பாப்போம்" என்றாள். அங்கிள், "ஞானஸ்நானத்துல நாந்தான உன்னையத் தூக்கிப் பிடிச்சேன் பெனிட்டா, எப்படிம்மா இருக்க?" என்றார். அவள் கதவை முழுசாகத் திறந்தாள். சாலமோன் மாமா வீட்டில் நாய் குரைத்த குரைப்பில் முதலில் ஒன்றும் கேட்கவில்லை. நாய் ஓய்ந்ததும் மாமாவின் குரல் மட்டும் வந்தது. "எழும்பப் போறது நீங்கதானா, நான் இல்லையே? அப்ப வர்றேன் கிராணி."

அங்கிளோடு மலை இறங்கி வந்தேன். அணைக்கட்டு ஏரி தாண்டியது, ரிங்லெட் தாண்டியது. இத்தனை வருஷம் ஏன் ஒருத்தரும் இதையெல்லாம் என்கிட்ட சொல்லவில்லை என்று கேட்டார். நான் மறைக்கிறவள் இல்லை. ஹார்ன் அடிக்கச் சொன்னீர்கள் அங்கிள், கேட்டுக்கொண்டு வரச் சொல்லவில்லையே என்றேன். கோபம் வந்து இறங்கிவிடுவார் என்று பார்த்தேன். ஜன்னலை ஏற்றி மூடினார். பிறகு சொன்னார்:

"சரி. செவ்வாக்கிழமையே வைப்போம்."

செவ்வாய்

இரண்டு டிரிப் அடித்தேன். ஆரோக்கியம் ஆண்டி மார்க்கெட்டைத் தாண்டி வந்தது சரித்திரம். பாதிப் பேர் ஆராதனைக்கு வரவில்லை, கிராணி மன்னிப்புக் கேட்பதைப் பார்க்க வந்தார்கள். மறைக்க என்ன இருக்கிறது? ஷீபாவும் கண்ணன் மாமாவும் திரிங்காப்பிலிருந்து ஒரு காடி நிறையப் பூவோடு வந்தார்கள். சம்பந்தியம்மாவும் வந்தார், நெற்றி நிறையக் குங்குமத்தோடு. எங்கே உட்காருவது என்று அவர் தயங்கியபோது, முதல் பெஞ்சில் சாலமோன் மாமா நகர்ந்து இடம் கொடுத்தார். மாமா அங்கே எப்போது போய் உட்கார்ந்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அங்கிள் முன்னால் போய் நின்றார். பெரட்டுக் குரல் வரவில்லை. "ரோஸ்லின் தன் மகளுக்கு ஆசீர்வாதம் பண்ணுச்சு. அதுக்குப் போய் நான் ரோஸ்லினத் திருவிருந்துல இருந்து தள்ளி வெச்சேன். கமிட்டி இல்ல, நான்தான். தப்பு. மன்னிச்சுக்கம்மா." முடித்தும் உட்காரவில்லை. அம்மா பதில் சொல்லாமல் இருக்கக் கூடாதே என்று நான் பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தேன். வாயை மூடிக்கொண்டு அம்மா என்னென்ன பண்ணுவார் என்பதை வீட்டில் பார்த்தவள் நான். ஜன்னலுக்கு வெளியே ஒரு லோரி கியர் மாற்றி மேடேறியது. அது போய் முடிந்ததும்தான் அம்மா சொன்னார்:

"சரி அங்கிள், உக்காருங்க. முட்டி வலிக்கும்."

அப்புறம் அம்மா பாட்டை எடுத்தார். எல்லாருக்கும் எட்டுகிற சுருதி.

வெளியே

வேன் பக்கத்தில் எல்லாரும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். இனிமேல் ஞாயிறும் வருவாய்தானே ரோஸ்லின் என்று பாஸ்டர் ஆசையோடு கேட்டார். ஞாயிறு கடையில் ஆள் இல்லை பாஸ்டர், செவ்வாய் என்றால் வருகிறேன் என்று அம்மா பளிச்சென்று சொல்லிவிட்டார். பாஸ்டர் முகம் விழுந்தது. கிறிஸ்டி அண்ணனுக்கு வாய் சும்மா இருக்குமா? "அங்கிள், ஆண்டவர் உயிர்த்தது ஞாயித்துக்கிழமையாச்சே, இப்ப என்னா செய்றது?" என்று வம்புக்கு இழுத்தார். எல்லாரும் சிரித்தார்கள். அங்கிள் வேன் படியில் ஒரு காலை வைத்தபடி திரும்பினார்.

"உயிர்த்தவரு செவ்வாக்கிழமையும் உயிரோடதானடா இருந்திருப்பாரு."

வேடிக்கை பார்க்க வந்த பாதிப் பேர் அடுத்த செவ்வாய் வரவில்லை, கீழே இருக்கிறவர்கள் சர்ச்சை மூடுவார்களா என்று கிறிஸ்மஸுக்குத்தான் தெரியும், ஆனால் ஜனங்கள் ஏன் சபையை விட்டுப் போகிறார்கள் என்று பெரிய ஹோட்டலில் கூட்டம் போட்டு ஆராய்கிற பெரியவர்கள் யாராவது இருந்தால், ஒரு நாள் என் வேனில் ஏறி, ஹார்ன் அடிக்காமல், வாசல் வாசலாக இறங்கிப் பார்க்கட்டும்.